கணக்கில் ஏறாத நிலம்: வழக்காற்று உரிமை என்றால் என்ன?

பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் கால்வாய் வளையும் இடத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் நாலைந்து பேர் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பார்கள். வலை இருக்காது, தூண்டில் இருக்காது. இரண்டு கைகளும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்தபடி, கையில் அகப்படும் இறாலை அதில் போட்டுக்கொண்டே போவார்கள். படகில் இருப்பவர்கள் போட்டோ எடுப்பார்கள். படகு கடந்துவிடும்.

அவர்கள் இருளர்கள். எந்த வளைவில் சேறு எப்படி இருக்கும், ஓதம் ஏறும்போது இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும், எந்த மாதம் எந்த ஓடைக்குள் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். ஆனால் அந்தக் கால்வாய் யாருடையது என்று அரசுக் கணக்கில் தேடினால் 'காப்புக்காடு' என்று இருக்கும். அந்தக் குடும்பங்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அப்படியானால் அந்தத் தண்ணீரிலும் சேற்றிலும் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லையா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நான் வக்கீல் இல்லை. கடலூர் மாவட்டத்து இருளர் குடியிருப்புகளில் மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் சில வருடங்களாகக் கூட இருந்து வருபவன். படித்த நண்பர்கள்கூட 'பட்டாவே இல்லை, அப்புறம் என்ன உரிமை?' என்று கேட்பதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பட்டாவுக்கு முந்தைய உரிமை

நிலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பட்டா, சிட்டா, சர்வே எண், நான்கெல்லை. இவையெல்லாம் உரிமையை எழுதிவைக்கும் முறைகள். எழுதுவதற்கு முன்பும் மனிதர்கள் நிலத்தில் வாழ்ந்தார்கள், யார் எங்கே எதைச் செய்யலாம் என்று தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் ஒரு நிலத்தையோ நீரையோ குறிப்பிட்ட முறையில் பயன்படுத்தி, அந்தப் பயன்பாட்டைச் சுற்றியிருப்பவர்களும் ஒப்புக்கொண்டு வந்திருந்தால், அதிலிருந்து பிறப்பதுதான் வழக்காற்று உரிமை.

இது ஏதோ காட்டுவாசிகளுக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. நம் ஊர்களிலேயே பாருங்கள். சுடுகாட்டுக்குப் பிணம் கொண்டுபோகும் பாதை பலருடைய வயல் வரப்பு வழியாகப் போகும், யாரும் மறிப்பதில்லை. மந்தைவெளியில் யார் மாடும் மேயலாம். மீனவக் குப்பங்களில் எந்தப் படகு எங்கே ஏறும், வலை எங்கே உலரும் என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியும்; அதற்கு யாரும் பத்திரம் கேட்பதில்லை.

எல்லாப் பழக்கமும் உரிமை ஆகிவிடாது. நீதிமன்றங்கள் சில உரைகற்களை வைத்திருக்கின்றன: பழக்கம் நெடுங்காலமாக இருக்க வேண்டும், இடையில் அறுந்துபோகாமல் தொடர வேண்டும், எது, எங்கே என்பது தெளிவாக இருக்க வேண்டும், நியாயத்துக்கு விரோதமாக இருக்கக் கூடாது. அந்த அளவில் தேறிய வழக்காற்றுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. அரசியல் சாசனத்தின் 13-ஆவது பிரிவு 'சட்டம்' என்ற சொல்லுக்குச் சொல்லும் விளக்கத்திலேயே சட்டத்தின் வலுவுள்ள வழக்காறும் அடங்கும்.

இருளர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வயலில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் இருளர்கள் எலி வளையை வெட்டுவார்கள். எலியும் அவர்களுக்கு, வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லும் அவர்களுக்கு. வயலோ வேறொருவருடைய பட்டா நிலம். நெல்லும் அவர் விதைத்ததுதான். ஆனாலும் பொதுவாக அவர் அதில் பங்கு கேட்பதில்லை, ஏனென்றால் எலி ஒழிவது அவருக்கும் லாபம். நிலம் ஒருவருக்கு, அந்த நிலத்தில் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட பொருளை எடுக்கும் உரிமை இன்னொருவருக்கு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. வழக்காற்று உரிமை பெரும்பாலும் 'இது என் சொத்து' என்று சொல்வதில்லை. 'இங்கே நான் இதைச் செய்து வாழ்பவன்' என்கிறது. தனி ஆளுக்கு இல்லாமல் கூட்டத்துக்கே உரியதாக இருக்கும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். விற்க முடியாது, அடகு வைக்க முடியாது.

இதை 'எதிரிடை அனுபவம்' என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அடுத்தவர் நிலத்தைப் பல்லாண்டு பிடித்து வைத்திருந்து, பிறகு அதற்கே சொந்தக்காரன் ஆவது. அரசு நிலமாக இருந்தால் அதற்கு 30 வருட அனுபவம் காட்ட வேண்டும். அங்கே அனுபவிப்பவர் உரிமையில்லாமல் நுழைந்தவர். இங்கே அவர் முதலிலிருந்தே உரிமையோடு இருப்பவர். மனு எழுதும்போது இந்த வித்தியாசம் பெரிது. 'ஆக்கிரமித்து வாழ்ந்து வருகிறோம்' என்று ஒரு வரி தெரியாமல் எழுதிவிட்டால், நம் வாயாலேயே நம்மை ஆக்கிரமிப்பாளர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

புறம்போக்கு என்ற சொல்

வெள்ளையர் ஆட்சி நிலத்தைப் பார்த்தது வரிக்கண்ணோடு. உழுது வரி கட்டும் ரயத்துக்குப் பட்டா. வரி வராத நிலமெல்லாம் கணக்குக்குப் புறம்பே போனது, அதுவே புறம்போக்கு. ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, பாதை, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். ஊருக்கு உயிரான இடங்கள்தான் அவை. ஆனால் சொல் எப்படித் தேய்ந்துபோனது என்று பாருங்கள், இன்று அது ஒரு வசவு. எனக்கு அந்த வசவைக் கேட்கும்போதெல்லாம் மனசு சுருங்கும். அந்த நிலத்தில் குடியிருக்கும் குழந்தைகளும் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

இருளர்கள் ஏர் பிடித்தவர்கள் இல்லை. தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, மூலிகை பறிப்பது, பாம்பு பிடிப்பது, மீன் பிடிப்பது என்று நிலத்தைத் தொட்டுத் தொட்டு நகர்ந்து வாழ்ந்தவர்கள். வரி இல்லை, ஆகவே பட்டா இல்லை, ஆகவே கணக்கில் அவர்கள் இல்லை. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஓர் இடத்தைக் காப்புக்காடாக்கப் போவதாக அரசு அறிவிக்கும். அங்கே உரிமை உள்ளவர்கள் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் உரிமை போயிற்று. எழுதப் படிக்க வாய்ப்பே தரப்படாத சனம் அரசிதழைப் பார்த்து மனுப் போட்டிருக்கும் என்று எதிர்பார்த்த சட்டம் அது. அடுத்து 1905-இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. அதன்படி, புறம்போக்கில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஆக்கிரமிப்பாளர்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான் நடந்தது. பூர்வகுடிகள் வாழ்ந்த மண்ணை 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று வைத்துத்தான் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1992-இல் மாபோ வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஆங்கிலேயர் வருகைக்கு முன்பே பூர்வகுடிகளுக்கு அவர்கள் வழக்காற்றின்படி நில உரிமை இருந்தது, கொடி மாறியதால் மட்டும் அது அழிந்துவிடவில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

பி-மெமோ பற்றி ஒரு வார்த்தை. புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு வருவாய்த் துறை, 'நீ ஆக்கிரமித்திருக்கிறாய்' என்று தண்டத்தோடு கொடுக்கும் தாள் அது. ஒரு குடியிருப்பில் வயதான அம்மா ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூரைச் செருகலில் வைத்திருந்த பழைய தாள்களை எடுத்து வந்து, 'இது பட்டாவா பாரு தம்பி' என்று கேட்டார். எல்லாம் பி-மெமோ. பட்டா இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் பிறகு யோசித்தபோது, அந்தத் தாள்களின் மதிப்பு வேறு என்று தெரிந்தது. இந்த வருடம், இந்த இடத்தில், இந்தக் குடும்பம் குடியிருந்தது என்று அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி அது. 'பத்திரமா வையுங்க அம்மா, இதுதான் நம்ம ஆதாரம்' என்றேன். நீங்கள் யாருக்காவது உதவப் போனால், இப்படிப்பட்ட தாள்களைத்தான் முதலில் தேடுங்கள்.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்த அநியாயத்தை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. வன உரிமைச் சட்டம், 2006. பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்டது 'வரலாற்று அநீதி' என்று அதன் முன்னுரையிலேயே இருக்கிறது. சட்டத்தின் முழுப் பெயரில் 'உரிமைகளை அங்கீகரித்தல்' என்று வரும், 'வழங்குதல்' என்று வராது. இந்த ஒற்றைச் சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. இலவச வீட்டுமனைப் பட்டா அரசு கொடுப்பது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். வன உரிமை அப்படி இல்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. அரசு அதை ஆமென்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

இதில் என்னென்ன உரிமைகள்? 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருக்கும் நிலத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை தனி உரிமை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துப் பதிய வேண்டும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அப்புறம் சமூக உரிமைகள்: சிறு வனப் பொருள் சேகரிப்பது, மேய்ச்சல், நீர்நிலைகளில் மீன் முதலானவற்றை எடுப்பது, சமூகமாகக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிப்பது. பிச்சாவரத்துச் சேற்றைத் துழாவும் கைகளுக்கு நேராகப் பொருந்துவது அந்த மீன் உரிமைதான். பலரும் வன உரிமை என்றால் மலையும் மரமும் என்றே நினைக்கிறார்கள். அலையாத்திக் காடும் காடுதான், அதற்குள் ஓடும் கால்வாயும் காட்டில் சேர்ந்ததுதான்.

'இவர்கள் வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள்' என்ற பேச்சு அடிக்கடி வரும். பட்டியல் பழங்குடிக்கு அந்தக் கேள்வியே எழாது. 2005 டிசம்பர் 13-க்கு முன் அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் போதும். காட்டுக்குள்ளேயே வீடு இருக்க வேண்டும் என்றும் இல்லை, வெளியே குடியிருந்து பிழைப்புக்குக் காட்டை நம்பியிருந்தாலும் சரி.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு அடையாளம் கண்டிருக்கும் 6 சமூகங்களில் இருளரும் ஒன்று. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மற்ற ஐவர். இப்படிப்பட்டவர்களுக்கு 'வாழிட உரிமை' என்று தனியாக ஒன்றைச் சட்டம் வைத்திருக்கிறது. வீடு இருக்கும் இடம் மட்டும் இல்லை. மேய்ப்பது, பிழைப்பது, கும்பிடுவது, புதைப்பது என்று அந்தச் சமூகத்தின் வாழ்க்கை பரவியிருக்கும் வட்டாரம் முழுவதும் அதில் வரும். மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் பைகா பழங்குடிகள் இதைப் பெற்றிருக்கிறார்கள்.

உரிமை கோரும் இடம் கிராம சபை. அது 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். குழு நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, வரைபடம் போட்டுக் கிராம சபைக்குக் கொடுக்கும். அங்கிருந்து உட்கோட்ட அளவிலான குழு, பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. இது முடியும்வரை அனுபவத்தில் இருப்பவரை வெளியேற்றக் கூடாது.

ஆதார விதிதான் எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது. அரசு ஆவணம் மட்டுமே ஆதாரம் என்று அது சொல்லவில்லை. ஊர்ப் பெரியவரின் வாய்மொழியை எழுதி எடுத்தால் ஆதாரம். பழைய கிணறு ஆதாரம். புதைகாடு ஆதாரம். கும்பிடும் இடம் ஆதாரம். இருளர்கள் கன்னிமாரைக் கும்பிடுபவர்கள். கோபுரமோ மதிலோ தேவையில்லை, மரத்தடியில் ஏழு கல் இருந்தால் கோயில். அந்த ஏழு கல்லும் சட்டப்படி ஓர் ஆவணம்.

சட்டம் இருந்தும் தமிழ்நாட்டில் வேலை நகரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டயம் வழங்குவது முடங்கியது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அந்த எட்டு வருடத்தில் எத்தனையோ பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாய்மொழியே ஆதாரமாக இருக்கும் மக்களுக்கு ஒரு பெரியவர் இறப்பது ஒரு பதிவேடு எரிந்துபோவது மாதிரி.

காடு யாரால் கெட்டது என்ற கேள்விக்கும் பிச்சாவரத்தில் ஒரு பதில் உண்டு. வெள்ளையர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை அங்கே அரசே காட்டைக் கூப்புகளாக, அதாவது வெட்டுவதற்கான பகுதிகளாகப் பிரித்துப் பட்டை பட்டையாக மரத்தை வெட்டியது. வெட்டவெளியான இடத்தில் மண் அமிழ்ந்து பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பேறி, மறுபடி மரம் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, கால்வாய் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டு அந்த இடங்களில் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் உள்ளூர் இருளர்களும் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று அலையின் வேகத்தைத் தாங்கிய காடு என்று உலகமே அதைப் பேசியது. 2022-இல் ராம்சார் தலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் ஆனது. பெருமைதான். அந்தப் பெருமையை அறிவிக்கும் பலகைக்குப் பக்கத்தில், அங்கே மீன் பிடித்து வாழ்பவர்களின் உரிமையும் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

ஏரிக்கரையில் இருப்பவர்கள்

இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். கடலூர் மாவட்டத்து இருளர்களில் பலர் காட்டோரத்தில் இல்லை. ஏரிக்கரை, ஓடைக்கரை, சவுக்குத் தோப்பின் ஓரம், அரிசி ஆலை, செங்கல் சூளை என்று சிதறிக் கிடக்கிறார்கள். வன உரிமைச் சட்டம் வன நிலத்துக்கு மட்டும். ஏரிப் புறம்போக்கில் நாலு தலைமுறை வாழ்ந்தாலும் அது உதவாது. அங்கே பாய்வது 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம். ஏரி காக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் ஏரியை வளைத்துக் கட்டடம் எழுப்பியவரும், கரையோரம் குடிசை போட்டு அந்த ஏரியில் நண்டும் நத்தையும் பிடித்து வாழ்பவரும் ஒரே நோட்டீஸில் வருவது எப்படிச் சரியாகும்?

ஆந்திரம், ஒடிசா போன்ற மாநிலங்களில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள், அதாவது அரசியல் சாசனம் பழங்குடிகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் பகுதிகள், இருக்கின்றன. பழங்குடி நிலத்துக்கு அங்கே கூடுதல் காப்பு உண்டு. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்பதை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே டோங்ரியா கோந்து மக்களுக்குக் கைகொடுத்ததில் வன உரிமைச் சட்டத்துக்கும் பெரிய பங்கு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஓர் அங்குலம்கூட இல்லை.

தொழிற்சாலைக்காக நிலம் எடுக்கும்போது மட்டும் ஒரு சிறு பிடி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், நிலம் சொந்தமாக இல்லாவிட்டாலும் காட்டையோ நீர்நிலையையோ நம்பி மூன்று வருடமாகப் பிழைத்து வந்த குடும்பத்தைப் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று கணக்கில் எடுக்கிறது. கடலூர் போன்ற மாவட்டத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் முதல் படி சாதிச் சான்றிதழ். பட்டியல் பழங்குடிக்கு அதைத் தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்காக நடந்து நடந்து கூலி இழந்தவர்களை நான் அறிவேன். ஓர் அலுவலகத்தில் ஒரு பெரியவரிடம், 'இருளர்னா பாம்பு பிடிச்சுக் காட்டு' என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அதை நடத்தி வரும் பேராசிரியர் பிரபா.கல்விமணியும் திண்டிவனத்திலிருந்து இத்தனை காலம் போராடி வருவதில் இந்தச் சான்றிதழுக்கான போராட்டம் பெரும் பகுதி.

எல்லையைத் தாண்டினால்

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். இருளர்கள் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சொந்தங்கள். ஆனால் 2016 வரை, கடலூரில் பட்டியல் பழங்குடியாக இருந்த ஒரு குடும்பத்தின் உறவினர், புதுச்சேரிக்காரராக இருந்தால் பட்டியல் பழங்குடி இல்லை. காரணம், எந்தெந்தச் சமூகம் பட்டியல் பழங்குடி என்பதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றியப் பிரதேசத்துக்கும் தனித்தனியாகக் குடியரசுத் தலைவர் அறிவிக்க வேண்டும்; அரசியல் சாசனத்தின் 342-ஆவது பிரிவு அது. புதுச்சேரிக்குப் பட்டியல் சாதிகளின் ஆணை 1964-இலேயே வந்துவிட்டது. பட்டியல் பழங்குடி ஆணை வந்தது 2016-இல்தான், இருளர்கள் பட்டியலில் சேர்ந்ததும் அப்போதுதான். அதற்கு முன் புதுச்சேரி அரசு இருளர், காட்டுநாயக்கர் முதலான சமூகங்களைப் 'பிற்படுத்தப்பட்ட பழங்குடி' என்ற தன் சொந்த வகையில் வைத்திருந்தது. உள்ளூர் வேலைக்கும் படிப்புக்கும் அதில் கொஞ்சம் பயன் இருந்தது. நாடாளுமன்றச் சட்டங்களின் முன் அந்த வகை நிற்கவில்லை.

வன உரிமைச் சட்டத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். பழங்குடி அல்லாதவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு, 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற பெயரில். ஆனால் அவர்கள் 2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்த நிலத்தைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 2005-இலிருந்து 75 வருடம் பின்னால் போனால் 1930. அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. ஆக, அக்கா கடலூரில் 2005-ஐக் காட்டினால் போதும் என்றிருந்தது. தங்கை புதுச்சேரியில் 2016 வரை பிரெஞ்சுக்காரர் காலத்துக்குப் போய்ச் சாட்சி தேட வேண்டியிருந்தது.

இன்று அந்தத் தங்கையும் 2005-ஐக் காட்டினால் போதும், அவளுக்கும் வாய்மொழி ஆதாரம் உண்டு. அதனால்தான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, இதை எழுதச் சொல்கிறேன். உன் ஆயா எங்கே பிறந்தாங்க, அவங்க ஆயாவை எங்கே புதைச்சாங்க, அந்தக் காலத்துல எந்த ஏரியில எந்த மாசம் மீன் பிடிச்சாங்க, கன்னிமார் கல்லை யார் நட்டது. சொன்னவர் பெயர், வயது, கேட்ட தேதி. கீழே சொன்னவரின் கைநாட்டு.